பழைய மைப்பேனையின்ர நிப்பில ஆரையும் கை வைக்க விட முதல்

பழைய மைப்பேனை ஒண்டு எழுதாமல் நிண்டால் கடையில முதல் சொல்லுற வசனம் "நிப் போட்டுது" எண்டுறதுதான். அனேகமா நிப் போயிருக்காது. நிப்புக்குப் பின்னால, கண்ணுக்குத் தெரியாத இடத்தில வருசக்கணக்கில காஞ்சு இறுகின மைதான் பிரச்சினையா இருக்கும். இதை ஆராவது எனக்கு முதலே சொல்லித் தந்திருந்தால் ஐம்பதாயிரத்துக்குக் கிட்டக் காசும், ஒரு வருசத்துக்கு மேல இழுபட்ட காலமும், அம்மாவின்ர முகத்தை நேரா பாக்கேலாமல் திரிஞ்ச அந்தரமும் எனக்கு மிச்சம். யாழ்ப்பாணத்தில இதைக் கேட்டுத் தெரிஞ்சுகொள்ள ஆக்களே இல்லை எண்டுதான் கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தன், பேந்து பாத்தால் ஒருத்தர் கொக்குவிலிலயே இருந்திருக்கிறார், அது பிறகு சொல்லுறன்.

பேனை அம்மப்பாவின்ரை. அவர் மலாயாவில ரெயில்வேயில கிளாக்கரா வேலை செய்து பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர், எங்கட பக்கம் மலாயன் பென்சனியர் எண்டு சொல்லுவினமே, அந்த வகை. கோலாலம்பூரில வாங்கின பார்க்கர் 51, கறுப்பு உடம்பு, ரோல்ட் கோல்ட் மூடி, அம்பு மாதிரிக் கிளிப். இந்த மொடல் 1941இல விக்கத் தொடங்கினது. இதில நிப் வெளியில தெரியாது, மேல ஒரு மூடாக்கு வந்து முன்னால ஒரு துளிதான் எட்டிப் பாக்கும். 1948க்குப் பிறகு வந்ததுகளில பின்பக்கம் கழட்டினால் ஒரு உலோக உறையும் அமத்துற தகடும் இருக்கும், எங்கடது அந்த வகை. உங்கடதும் இப்பிடி எண்டால் ஒரு சந்தோசம், உள்ள இருக்கிற மைப்பை பிளாஸ்டிக், ரப்பர் இல்லை, அதால இண்டைக்கும் கனபேரின்ரை நல்லாத்தான் இருக்கு. அதுக்கு முந்தின வகையில பின்னால ஒரு பொத்தானை அமத்தி அமத்தி மை இழுக்கோணும், அதுக்குள்ள இருக்கிற ரப்பர் கட்டாயம் மாத்தவேண்டி வரும், அது வேற வேலை, வேற செலவு.

இந்தப் பேனை பட்ட பாடும் கொஞ்சமில்லை. அம்மப்பாவுக்குப் பிறகு அம்மா தான் படிப்பிச்ச பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவ, 90களில பொருளாதாரத் தடை நேரம் மை கிடைக்கிறதே பெரும்பாடு, போத்திலில அடியில கிடந்ததுக்குக் கிணத்துத் தண்ணி விட்டுக் கலக்கித்தான் எழுதினவையாம். 95 இடப்பெயர்வில சாவகச்சேரிக்கும் இது அம்மாவின்ர கைப்பையோடதான் போனது. எங்கட கிணத்துத் தண்ணியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல், கேத்தில் அடியில வெள்ளையாப் படை கட்டுறதைப் பாக்காத வீடு இல்லை. அதே படை பேனைக்குள்ளயும் கட்டும். 51இன்ர மூடாக்குக்குள்ள சீப்புப் பல்லு மாதிரி மெல்லிய மடிப்புகள் கன இருக்கு, மேலதிகமா வாற மையைப் பிடிச்சு வைக்கிறதுக்கு. நிப் ஒழுகாமல் இருக்கிறது அதாலதான், காஞ்ச மை போய்ச் சிறைப்படுறதும் அதுக்குள்ளதான்.

அம்மா பேனையை என்னட்டத் தந்தபோது அது ரெண்டு எழுத்து எழுதும், மூண்டாவதில நிக்கும். ரவுனுக்குள்ள மணிக்கூடு திருத்துற ஒரு கடையில பேனையும் பாப்பினம் எண்டு சொல்லிச்சினம், குடுத்தனான். நான் பாத்துக்கொண்டு நிக்கவே மனுசன் பேனையை கொதிதண்ணிக் கோப்பைக்குள்ள விட்டார். ஐயா உதுக்கு ஒண்டும் ஆகாதோ எண்டு கேக்க, "தம்பி நாப்பது வருசமா செய்யிறன்" எண்டார். அதுக்கு மேல நான் என்னத்தைக் கதைக்கிறது. பின்னேரம் வரச் சொன்னவர், போனால் பேனை எழுதுது, ஆனா கடதாசியைக் கீறிக்கொண்டு எழுதுது, ஒரு பக்கம் சரிச்சுப் பிடிச்சால் மட்டும் மை வருது. கேட்டதுக்கு, நிப் மொட்டையாப் போட்டுது, சாணைக்கல்லில கொஞ்சம் தீட்டிவிட்டனான், எழுத எழுதப் பழகும் எண்டு சொல்லி 1500 ரூபா வாங்கினார். கத்தியே அது, தீட்டுறதுக்கு? ஆனா அண்டைக்கு எனக்கு அந்தக் கேள்வி வாயில வரேல்லை, காசைக் குடுத்திட்டு வந்திட்டன்.

என்ன நடந்தது எண்டு விளங்கினது கஸ்தூரியார் வீதியில. தெரிஞ்ச ஒரு நகைக்காரர், எங்கட வீட்டுத் தாலிக்கொடி செய்தவர், அவரிட்ட நிப் பொன்தானே, நீங்கள் சரிக்கட்டுவியளோ எண்டு கொண்டுபோய்க் காட்டினன். அவர் கண்ணில லென்ஸை மாட்டிக் கனநேரம் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "தம்பி, இது நான் கை வைக்கிற சாமான் இல்லை, நீரே பாரும்" எண்டு லென்ஸை என்னட்டத் தந்தார். நிப்பின்ர நுனியில ரெண்டு பாதியா ஒரு சின்னக் குமிழ் இருக்கோணும். இடப்பக்கப் பாதி உருண்டையா, மினுமினுத்துக்கொண்டு இருக்கு. வலப்பக்கம் குமிழே இல்லை, சப்பட்டையா வெட்டுப்பட்டு மஞ்சள் பொன் தெரியுது, சாணைக்கல் இழுத்த கோடுகள் கூட எண்ணக்கூடிய மாதிரி வடிவாத் தெரிஞ்சுது. எனக்கு அந்த இடத்திலயே கொதியும் அழுகையும் சேந்து வந்திட்டுது.

அந்தக் குமிழ் பொன் இல்லை. நிப் 14 கரட், அதாவது 58.5 வீதம் பொன், அது மெதுவானது, அதைக் கடதாசியில உரசினால் கெதியாத் தேஞ்சு போம். அதால நுனியில ஒஸ்மியம், இரிடியம், ருதேனியம் மாதிரிச் சரியான கடினமான உலோகக் கலவையில ஒரு பொட்டு ஒட்டி வைச்சிருப்பினம், உண்மையில எழுதுறது அந்தப் பொட்டுத்தான். அது போனால் நிப்பின்ர சீவன் போன மாதிரி. திரும்ப ஒட்டலாம், ஆனா அதைச் செய்யிற ஆக்கள் உலகத்திலயே கொஞ்சப்பேர், எல்லாம் வெளிநாட்டில. நகைக்காரர் ஏன் மாட்டன் எண்டவர் எண்டும் அவரே சொன்னார், ஊதுகுழலால சூடாக்கினால் பொன் இளகி நிப்பின்ர துள்ளல் போயிடும், பிறகு அமத்தினால் வளைஞ்சபடி நிக்கும், திரும்பி வராது. அந்த மனுசன் காசும் வாங்கேல்லை. ஆகவே பொன் வேலை தெரிஞ்சவர் எல்லாரும் நிப் வேலை செய்யலாம் எண்டு நினைக்காதேங்கோ, தெரியாது எண்டு சொல்லுறவரை மதியுங்கோ. நீங்கள் செய்யோணும் எண்டு நான் நினைக்கிற முதல் வேலையும் இதுதான், எந்தக் கடைக்குப் போக முதலும் பத்து மடங்கு பெருப்பிக்கிற ஒரு லென்ஸ் வாங்கி நுனியை முன்னால இருந்தும் பக்கத்தில இருந்தும் பாத்து போனில படம் எடுத்து வையுங்கோ. ஆயிரத்து சொச்சத்துக்கு வாங்கலாம். குடுக்கேக்க எப்பிடி இருந்தது எண்டு கையில படம் இருந்தால்தான் பிறகு வாய் திறந்து கேக்கலாம், என்னட்ட அது இல்லை.

பிறகு கொழும்பு. அங்க ஒரு கடையில பழைய பேனை திருத்துவினம் எண்டு ஒரு சினேகிதன் சொல்ல, பஸ்ஸில பாசல் போட்டு அனுப்பினன். பாத்திட்டுச் சொல்லுறம் எண்டிச்சினம். பிறகு போன் எடுத்தால் ஆள் லீவு, அடுத்த கிழமை எடுங்கோ, பொருள் வரேல்லை, இப்பிடியே மாசங்கள் போச்சு. கடைசியில ஆறாயிரம் கட்டித் திருப்பி எடுத்தால் நிப் அப்பிடியேதான் இருக்கு, மூடாக்கை மட்டும் திறக்கப் பாத்துத் திறக்க ஏலாமலோ, இல்லாட்டித் திறந்து போட்டோ, பொருத்துற இடத்தில சுப்பர் குளூ போட்டு ஒட்டி விட்டிருக்கினம். உடம்புக்கு வெளியில வெள்ளையாப் பனிப்புகார் பிடிச்ச மாதிரி ஒரு வளையம். அது சுப்பர் குளூவின்ர அடையாளம் எண்டு எனக்கு அப்ப தெரியாது, அழுக்கு எண்டு துடைச்சுக்கொண்டு இருந்தன். அனுப்பிறதெண்டால் எழுத்தில கேளுங்கோ, என்ன செய்யப் போறியள், எதால ஒட்டுவியள், எவ்வளவு நாள், திறக்க முதல் என்னைக் கேப்பியளோ எண்டு. வட்சப் மெசேஜ் ஒண்டு போதும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் கொக்குவில் ஐயா. நில அளவைத் திணைக்களத்தில டிராப்ட்ஸ்மனா இருந்து ரிட்டயர் ஆனவர், படம் கீறுற பேனையளோட வாழ்க்கை போன மனுசன், அம்மாவோட படிப்பிச்ச ஒரு ரீச்சர்தான் அவரைச் சொன்னவ. பேனையைக் கையில வாங்கினவர் நிப்பைப் பாக்கவே இல்லை, முதல்ல மணந்து பாத்தார். பிறகு "தம்பி, இதை ஆரும் கழுவினவையோ?" எண்டு கேட்டார். ஆரும் கழுவேல்லை. திருத்தக் குடுத்த ரெண்டு இடத்திலயும் அந்தக் கேள்வியே வரேல்லை எண்டதை நினைக்க விசர் வரும்.

கழுவுறது எண்டால் இப்பிடி. கிணத்துத் தண்ணி வேண்டாம், மோட்டார் சாமான் கடையில பற்றிக்கு விடுற டிஸ்டில்ட் வாட்டர் போத்தில் ஒண்டு வாங்கினால் மாசக்கணக்கில காணும், இல்லாட்டி மாரியில நேரா வானத்தால விழுற மழைத்தண்ணி பிடிச்சு வடிச்சு வையுங்கோ. அறைச் சூட்டுத் தண்ணி, சூடு வேண்டாம். அதுக்குள்ள நுனியை விட்டுத் தகட்டை மெதுவா அமத்தி இழுக்கிறதும் விடுறதுமா, தண்ணி கலங்க மாத்திறது, பிறகு இரவு முழுக்க நுனி மட்டும் தாழ ஊறவிடுறது, விடிய ரிசுப் பேப்பரில நுனியைத் தொட்டுப் பாக்கிறது. தண்ணிக்கு அசையாத மைக்கு, பாத்திரம் கழுவுற திரவம் ஒரு துளி விடலாம், அதுக்கும் அசையாட்டி வீட்டுப் பாவனை அமோனியா ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி, ஆனா குளோரின் வகைச் சாமானோட அதைச் சேக்கவே கூடாது, நச்சுப் புகை வரும். ஸ்பிரிட்டும் நகப்பூச்சு அழிக்கிற திரவமும் கிட்டவும் கொண்டுவராதேங்கோ, பேனை உடம்பே வெடிச்சோ கரைஞ்சோ போயிடும். எங்கட பேனையில முதல் நீலம் வந்தது, அது நான் விட்டது. பிறகு கறுப்பு. நாள்கள் போக ஒரு ஊத்தைப் பச்சை. ஒருநாள் விடிய ரிசுவில திடீரெண்டு சிவப்பு. நான் பயந்துபோய் அம்மாட்டக் காட்ட அவ சிரிச்சுப்போட்டு, "அது நான் கொப்பி திருத்தினதடா" எண்டா. அது 30 வருசத்துக்கு முந்தின மை. இப்ப யோசிச்சுப் பாருங்கோ, அதெல்லாம் உள்ள அடைச்சுக்கொண்டு இருக்க நிப்பைத் தீட்டினால் மை வருமோ?

மற்றப் பேனையள் வைச்சிருக்கிறாக்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த ஊறவைக்கிற கதை 51இன்ர பிளாஸ்டிக்குக்குச் சரி, எல்லாத்துக்கும் சரிவராது. பழைய ஸ்வான், கொன்வே ஸ்டுவர்ட் வகையில கறுத்த எபோனைட், அதாவது இறுகின ரப்பர் உடம்பு இருக்கும், அதைத் தண்ணியில போட்டால் கறுப்பு மங்கி மண்ணிறமாப் போம். வடிவான நிறங்களில வாற கேசீன், அது பால் புரதத்தில செய்யிற பிளாஸ்டிக், தண்ணி குடிச்சு ஊதிப்போம். செலுலோயிட் எண்டால் நெருப்புக்குப் பக்கத்திலயே விடக்கூடாது, பத்திக்கொள்ளும். என்ன உடம்பு எண்டு தெரியாட்டி நிப் மட்டும் நனையிற மாதிரி வைச்சுக் கழுவுங்கோ.

மூடாக்கைத் திறக்கிறது அடுத்த கட்டம். கொம்பனியில அதை அரக்காலதான் ஒட்டினவை, மெல்லிய சூட்டுக்கு அரக்கு இளகும். ஹெயார் டிரையரைத் தள்ளிப் பிடிச்சு, பேனையை விரலால உருட்டிக்கொண்டே இருக்கோணும், கையால பிடிக்கேலாத சூட்டுக்குப் போகக்கூடாது. லைட்டர் வேண்டவே வேண்டாம். இறுக்கிப் பிடிக்க ஐயா ஒரு பழைய சைக்கிள் டியூபில துண்டு வெட்டி வைச்சிருந்தார், குறடு பிடிச்சால் தழும்பு விழும். சூடாக்கித் திருகிப் பாக்கிறது, அசையாட்டி விட்டிட்டுத் திரும்பச் சூடாக்கிறது, அவசரப்பட ஏலாது. அரக்கு எண்டால் பொறுமைக்கு விடும். எங்கடதில அரக்குக்குப் பதிலா சுப்பர் குளூ இருந்ததால கன பின்னேரங்கள் மினக்கெட்டும், கடைசியில மூடாக்கு "டிக்" எண்டு ஒரு சத்தம், நுனியில இருந்து மேல வரைக்கும் வெடிப்பு. ஐயா ஒண்டும் சொல்லேல்லை, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். உள்ள பாத்தால் அந்தச் சீப்புப் பல்லுகளுக்கிடையில கறுப்பும் வெள்ளையுமா இறுகிப்போய்க் கிடக்கு, வெள்ளை எங்கட கிணத்துச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு புளிப்புக்குக் கரையும், அதால அந்தச் சீப்புத் துண்டை மட்டும் தனியா வினாகிரியைக் கன தண்ணியில கலந்து கொஞ்ச நேரம் விட்டு மெதுவான பிரஸ்ஸால எடுத்தம், பிறகு நல்ல தண்ணியில திரும்பத் திரும்பக் கழுவினம். அமோனியாவையும் வினாகிரியையும் ஒண்டாக் கலக்காதேங்கோ, ஒண்டை ஒண்டு முறிச்சு ரெண்டும் பிரயோசனமில்லாமல் போம்.

நிப்பும் மூடாக்கும் இங்கிலாந்தில பழைய பேனை உதிரிப்பாகம் விக்கிற ஒருத்தரிட்ட எடுத்தன். தபால், வரி எல்லாம் சேத்து நாப்பதாயிரத்துக்குக் கிட்டப் போச்சு, அந்த மாசம் வீட்டில கொஞ்சம் இறுக்கம்தான். வாங்கேக்க நிப்பின்ர நுனியை முன்னுக்கும் பக்கத்துக்கும் கிட்ட எடுத்த படம் கேளுங்கோ, குமிழ் ரெண்டு பாதியும் ஒரே அளவா இருக்கோணும். படம் தரமாட்டன் எண்டால் விட்டிடுங்கோ. இங்க கிடைக்கிற சீன ஹீரோ பேனையளில கனக்க 51 மாதிரியே தோற்றம், ஆனா அதின்ர நிப் இதுக்குச் சேராது.

புது நிப்பும் வந்தவுடன வெண்ணெய் மாதிரி எழுதேல்லை, கொஞ்சம் கரகரத்தது. அப்ப எனக்கு நெஞ்சு திக்கெண்டது. ஐயா லென்ஸால பாத்திட்டு ஒரு பாதி மற்றதை விட ஒரு மயிரிழை உயரத்தில நிக்குது எண்டார். கீறுறதுக்கு முக்கால்வாசி இதுதான் காரணமாம், தீட்டத் தேவையே இல்லை. உயர நிக்கிற பக்கத்தை நகத்தால மெல்லக் கீழ அமத்தி, விட்டிட்டு, திரும்ப லென்ஸால பாக்கோணும், ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை. நடுப்பிளவில குப்பை நிண்டால் 0.05 மில்லிமீற்றர் பித்தளைத் தகடு போட்டு மெதுவா இழுக்கலாம். சேவ் எடுக்கிற பிளேட் போடுறவையும் இருக்கினம், அது 0.1 மில்லிமீற்றர், ரெண்டு மடங்கு தடிப்பு, அதோட கூரும், பிளவை வெட்டி அகலமாக்கிப் போடும். இதெல்லாம் செய்தும் கரகரப்பு மிச்சம் எண்டால்தான் 12000 இலக்க மைக்ரோ மெஷ் எண்ட சரியான நைசான தேய்க்கிற தாளில மை விட்டபடி எட்டு எழுதுறது மாதிரி நாலைஞ்சு சுத்து, நிப்பாட்டிக் கடதாசியில எழுதிப் பாக்கிறது. சுகமா இருக்குது எண்டு நெடுகத் தேச்சால் பிளவின்ர உள்விளிம்பு உருண்டு போம், பிறகு மை கடதாசியைத் தொடாது, ஒவ்வொரு சொல்லின்ரயும் முதல் கோடு விழாது. அது வந்தால் திருத்துறது இன்னும் கஷ்டம். எழுதிப் பாக்கிறதுக்கு மலிவு சி.ஆர். கொப்பித் தாளை எடுக்காதேங்கோ, அதின்ர நார் எந்த நிப்பையும் கீறும், நீங்கள் நிப்பைக் குறை சொல்லுவியள்.

மூடாக்கைத் திரும்பப் பூட்டேக்க அரக்கு ஒரு துளிதான் போட்டது, நாளைக்கு ஆரும் திறக்கோணும் எண்டால் திறக்கலாம். மை இப்ப சாதாரண குயிங்க் மட்டும்தான். படம் கீறுற இந்தியன் இங்க் விடவே கூடாது, அதுக்குள்ளயே அரக்கு இருக்கு, காஞ்சால் முடிஞ்சுது கதை. பாவிக்காத கிழமையில மையை வெளியில எடுத்துக் கழுவி வைக்கிறன். எழுதுறது நல்லா எழுதுது, ஆனா அம்மப்பாவின்ர கடிதங்களில இருக்கிற கோடு இதில வராது, அவரின்ர நிப் மெல்லிசு, இது கொஞ்சம் தடிப்பு. அம்மா அதைக் கண்டுபிடிச்சிட்டா, ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு அந்த மணிக்கூட்டுக் கடையைத் தாண்டிப் போகேக்க இப்பவும் கொதி வரும்.

நீங்கள் ஆரிட்டயாவது குடுக்கத்தான் போறியள் எண்டால் குடுக்க முதல் மூண்டு விசயம் கேளுங்கோ. முதல்ல கழுவிப் பாப்பியளோ, திறக்க எதால சூடாக்குவியள், திரும்ப எதால ஒட்டுவியள். கழுவத் தேவையில்லை எண்டோ, கொதிதண்ணி எண்டோ, சுப்பர் குளூ எண்டோ பதில் வந்தால், தாங்கோ அண்ணை பிறகு வாறன் எண்டு சொல்லிப் பேனையை வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ.